முருங்கு

ஒத்தக்கடை தாண்டி, மேலூர் ரோட்டில்
ஒரு கிரானைட் ஷோரூமில் நிற்கிறேன்,
காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை.
சாய்த்து அடுக்கிய பலகைகளுக்கு நடுவே நடந்தால்
என் முகம் பதினாறு தடவை வந்து போகும்.

"இது என்ன கல்லு?"
"ஜிம்பாப்வே கருப்புங்க. இம்போர்ட்டட்."
"ஆப்பிரிக்காவா!" என்று
விரலை எடுத்துக்கொண்டார் ஒருவர்,
சுட்டுவிட்ட மாதிரி.

கீழவளவில் குவாரியைப் பூட்டிய மறு வருஷம்
வயர்சா ஓட்டத் தெரிந்த ஆறு பேரை
ஏஜென்ட் விமானம் ஏற்றினார், முடோகோவுக்கு.
இறங்கியதும் தெரிந்த வாசனை,
அறுத்த கல்லின் ஈரமாவு.
பிறகு மலைகள்.
நம்ம யானைமலையைத் துண்டு துண்டாக்கி
ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி
விழுகிறதா பார்ப்போம் என்று
யாரோ விட்டுப்போனது போல.

வேலிக்கு அங்குட்டு நின்று பிள்ளைகள் கத்தின,
முருங்கு! முருங்கு!
காய் விற்கிறவன்னு நினைச்சிருச்சுக போல என்று
போனில் சொல்லிச் சிரித்தேன்.
ஃபராய்தான் சொன்னான்,
முருங்கு என்றால் வெள்ளைக்காரன்.

நானா.
பள்ளிக்கூடத்தில் தார்டின் என்று பேர் வாங்கியவன்.
திருவாதவூரில் பெண் பார்க்கப் போய்
போட்டோவைவிட ஒரு பிடி கூட என்று
காபியோடு திருப்பி அனுப்பப்பட்டவன்.
முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஃபராய் தன் முழங்கையைப் பக்கத்தில் வைத்தான்.
பெரிய வித்தியாசமில்லை.

சம்பளத்தன்று தெரிந்தது வித்தியாசம்.
அவனுக்கு நாலு மாசம் சேர்ந்தால்
எனக்கு ஒரு மாசம்.
பிள்ளைகள் சரியாகத்தான் கூப்பிட்டிருக்கின்றன.

ஜூலையில் அங்கே குளிர். சொன்னால் நம்பமாட்டார்கள்.
ஸ்வெட்டர் போட்ட என் படத்தைப் பார்த்து
கொடைக்கானலா மாமா என்றாள் தங்கச்சி மகள்.
மத்தியானம் மக்காச்சோளக் களி,
நெத்திலிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி
ஒரு பொடிக் கருவாடு.
சில்லறைக்குப் பதில் கடைக்காரி மிட்டாய் நீட்டியபோது
ஒரு நிமிஷம் கீழமாசி வீதியில் நின்றேன்.

காலையில் பார்த்ததும் அங்கே ஒரு கேள்வி:
தூங்கினீர்களா?
அதற்குப் பதில்:
நீங்கள் தூங்கியிருந்தால், நானும் தூங்கினேன்.
முதல் மாசம் முழுக்க
"தூங்கினேன்" என்று மட்டும் சொல்லிக் கடந்திருக்கிறேன்.
யாரும் திருத்தவில்லை.

வயர் பழசு. எனக்குத் தெரியும்.
இன்னும் ஒருநாள் தாங்கும் என்றவன் நான்தான்.
அறுந்தால் அதில் கோத்த மணிகள் தோட்டா.
ஒன்று ஃபராயின் இடது தொடைக்குள் போய் நின்றது.
தகரத்தில் மழை மாதிரி கேட்டது மற்றவை.
ஃபராய் உட்கார்ந்தான், அவ்வளவுதான்,
பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் போல.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
என்னைப் பார்த்துக் கேட்டான்,
தூங்கினீர்களா?

அந்தப் பதிலின் முதல் பாதியிலேயே
எனக்கு நாக்கு நின்றுவிட்டது.

இப்போது கடையில் ஒரு தம்பதி.
அந்தம்மா உள்ளங்கையை முழுசாகக் கல்லில் வைத்து
ஒரு நிமிஷம் எடுக்கவேயில்லை.
அடுப்பு மேடைக்குத்தான்,
மஞ்சக்கறை பிடிக்குமா?
பிடிக்காதுங்க.
சொல்லிக்கொடுத்த வசனம், தடுமாறாமல் வரும்.
எண்ணெய் பிடிக்காது, புளி பிடிக்காது, எதுவுமே பிடிக்காது.

விடிகாலை ஐந்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது.
அங்கே ஒன்றரை.
அவன் பாஷையில், எழுத்துப் பிழையோடு,
தூங்கினாயா என்று அனுப்பிவிடுவேன்.
அனுப்பும்போது அவன் தூக்கத்தில் இருக்கவேண்டும்,
அந்தக் கணக்குக்குத்தான் அந்த நேரம்.

பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது
சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிரும்.
சில நாள்
அதிராது.