பன்னிரண்டு நிமிடம்

வெளியேறிய நேரம் நான்கு முப்பது.
நீல மை, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.
இ. குலவீரன், தீயணைப்பு உதவியாளர், நாட்சம்பளம்.
தொலைபேசி அடித்தது நான்கு நாற்பத்திரண்டுக்கு:
பரந்தனில் மரக்காலை எரிகிறது.

இடையில் கிடக்கும் பன்னிரண்டு நிமிடத்தை
எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று
கொழும்புக்குக் கேட்டு எழுதினேன்.
ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது, சிங்களத்தில்.
பக்கத்து மேசை நிலாந்தி வாசித்துச் சொன்னாள்:
ஒப்பமிட்டுப் போனவர் ஊழியரா, பொதுமகனா?
தெளிவுபடுத்தவும்.

வாசலைத் தாண்டவேயில்லை என்கிறார் காவலாளி.
தாண்டி வாகை மரம் வரைக்கும் போனவன்,
மணி கேட்டதும் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு
ஓடி வந்து ஏறினான் என்கிறார் பவுசர் சாரதி.
இருவரிலும் பொய்யில்லை.
ஒருவர் கண்டது போனதை,
மற்றவர் கண்டது வந்ததை.

சீருடைச் சேர்ட் அலுமாரிக்குள் மடித்தபடி இருந்தது.
சப்பாத்தை மட்டும் அவன் கழற்றியிருக்கவில்லை.
தீராந்தி விழுந்த இடத்தில்
அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள்.
சப்பாத்தில் யாருக்கும் ஐயமில்லை.
களஞ்சியப் பொறுப்பாளரின் குறிப்பு
கோப்பில் ஏழாம் பக்கம்:
ஒரு சோடி குறைவு. பெறுமதியை
உரியவரிடம் அறவிடவும்.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் வருவாள்,
தர்மபுரத்திலிருந்து ஏழரை பஸ்ஸில்.
சுகந்தமலர். முப்பத்தேழு வயது.
திருமணப் பதிவு எங்கே என்று
மூன்றாம் தடவையும் நான்தான் கேட்டேன்.
இரண்டாயிரத்து ஒன்பது, மாசி, சுதந்திரபுரம்.
பங்கருக்குள்ள கட்டினது, மிஸ்.
மஞ்சள் கயிறுகூட இல்லை,
தறப்பாள் கட்டின நைலோன் கயித்தைப் பிரிச்சு
அதில ஒரு இழை.
சாட்சி ஆர்?
இருந்தவை, என்றாள்.
இறந்தகாலத்தில் சொன்னாள், நான் மேலே கேட்கவில்லை.
நிரலில் எழுதினேன்: சத்தியக்கடதாசி இணைக்கப்படும்.

பிறகு கணக்கு.
இறுதி மாதம் வேலை செய்த நாட்கள் பத்தொன்பது.
மூன்று நாள் மழை, பவுசர் ஓடவில்லை,
ஓடாத நாளுக்குச் சம்பளமில்லை.
பத்தொன்பதை நாட்கூலியால் பெருக்கி
அட்டவணையில் விரலை வைத்து இறக்கிக்கொண்டு போனேன்.
மழை பெய்யாதிருந்தால்
ஒரு வரி கீழே போயிருப்பான்,
விலை கொஞ்சம் கூடியிருக்கும்.

அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அண்டைக்கு மீன் வாங்கினவர், மிஸ், என்றாள் திடீரென்று.
ஒரு கிலோ திரளி.
வாகை மரத்தடியில யோசப் விக்கிறவர் எல்லோ,
அவரிட்ட.
சைக்கிள் காண்டிலில பை தொங்கினபடி இருந்ததாம்.
பூனை இழுத்திட்டுது.
மகனுக்குத் திரளிப் பொரியல் எண்டா உசிர்.

என் பேனை நின்றது.
மீன் வாங்கியவன் வீட்டுக்குப் போகிறவன்.
கொழும்புக்கு இதைவிடத் தெளிவு வேண்டாம்,
ஒரு கிலோ திரளியோடு கோப்பு மூடிவிடும்.
ஆனால் வாங்கிய மீனை மரத்தில் தொங்கவிட்டுத்
திரும்பி ஓடியவனை
என்னவென்று எழுத?
அப்படி ஒரு நிரல் படிவத்தில் இல்லை.
பதினாலாவது, பிற விபரங்கள், ஒன்றரை அங்குலம்.

அதில் எழுதினேன்:
அழைப்பு வந்தபோது அலுவலக வளவில் நின்றார்.
வாகை மரம் வளவுக்குள்ளா வெளியிலா?
கிளை உள்ளே நிற்கிறது.
மீனை நான் எழுதவில்லை.

ஒப்பத்தை வைத்துவிட்டு எழும்பினாள்,
பிறகும் நின்றாள்.
காசு எப்ப வரும் என்று கேட்கப்போகிறாள்,
தெரியாது என்ற பதிலை
நான் வாயில் எடுத்து வைத்திருந்தேன்.
சைக்கிள், மிஸ், என்றாள்.
மரண விசாரணைக்கெண்டு பொலிஸ் கொண்டுபோனது.
மகனுக்குப் பள்ளிக்கூடம் நாலு கட்டை.
அதையெண்டாலும் எடுக்கேலுமோ?

அதற்கு வேறு படிவம்.
லாச்சியைத் திறந்து
தேடிக்கொண்டிருக்கிறேன்.