சன்னாசியின் எஸ்டேட்

வக்கீல் அந்த வார்த்தையைச் சொன்னதும்
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சன்னாசியின் எஸ்டேட்.
முப்பத்தொரு வருசம்
எவனோ வாங்கி எவனோ விற்ற நிரைகளில்
இருட்டோடு எழுந்து பால் வெட்டியவருக்கு,
பேரிலேயே துறவு வைத்திருந்தவருக்கு,
செத்த பிறகு ஒரு எஸ்டேட்.

வக்கீல் சிரிக்கவில்லை.
போனவர் விட்டுப்போனது எதுவானாலும்
சட்டத்தில் அதற்கு அதுதான் பேராம்.
உயிலை நிறைவேற்ற வேண்டியவர் நீங்கள் என்றார்.
தவமணி, முனியாண்டி மகள், பீடோங்.
அடையாள அட்டை எண்ணில்கூடப் பிழையில்லை.

எனக்கும் அவருக்கும்
பதினொரு வருசமாய்ப் பேச்சு கிடையாது.
தீமிதிக் கணக்கில் நாற்பத்தாறு வெள்ளி இடித்தது.
பொருளாளர் அவர்.
பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டது நான்.
அதற்கப்புறம் பாசார் மாலாமில் நான் எதிரே வந்தால்
பப்பாளியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்.
ஒரு தடவை பப்பாளி தீர்ந்துபோயிருந்தது;
வெறும் மேசையைப் பார்த்தார்.

மகன் இருக்க நான் எதற்கு என்றேன்.
அவரிடமே கேட்டேன் என்றார் வக்கீல்.
"அந்தம்மாவுக்கு என்னைப் பிடிக்காது.
அது போதும்" என்றாராம்.

வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால்
விட்டுவிடுவார்கள்.
பேனா கையில்தான் இருந்தது.
வெளியே மழை. பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
பட்டியலைக் காட்டுங்கள் என்றேன்.

லயத்தை இடித்தபோது கிடைத்த மலிவு விலை வீடு.
ஹோண்டா கப் ஒன்று, சாலை வரி செத்து ஒரு வருசம்.
கூட்டுறவுச் சங்கப் பங்கு.
அடகில் ஒரு சங்கிலி, சீட்டு இன்னும் உயிரோடு.
வங்கியில் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
அதன்கீழ், பள்ளிக்கூட நோட்டுத்தாளில்,
அவர் கையெழுத்தில்,
கொடுக்க வேண்டியது:
கோயிலுக்கு, 46 வெள்ளி.

காரணம் எழுதவில்லை.

முதலில் ஈமச்செலவு, பிறகு கடன்,
பங்கு கடைசியில்தான்.
பேப்பரில் அறிவிப்புப் போட்டோம்.
கோப்பிக்கடை ஆ ஹெங் வந்தார், பதினெட்டு வெள்ளி என்றார்,
மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு
பன்னிரண்டு போதும் என்றார்.
பதினெட்டு என்றால் பதினெட்டு, ரசீது கொடுங்கள் என்றேன்.
நம்பர் எழுதுகிறவன் வந்தான்.
ரசீது என்றதும் போனான்.
செம்பனைக் காட்டில் உதிரி பொறுக்கும்
ஒரு லொம்போக் பெண் வந்து
இருநூறு வெள்ளியை மேசைமேல் வைத்தாள்.
பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது வாங்கினாளாம்.
பட்டியலில் அது இல்லை.
சேர்த்தேன்.

யோகேஸ்வரன் ஜோகூரிலிருந்து வாரா வாரம் கூப்பிடுவான்:
வீட்டை விற்றாச்சா?
விற்கவே கூடாது என்று குமுதா அழுதாள்.
பிறகு மெதுவாக
என்ன விலைக்குப் போகும் என்றாள்.
இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்:
கோர்ட்டுத் தேதி மார்ச்சில்.

கோயிலில் நாற்பத்தாறைக் கட்டினேன்.
எந்தக் கணக்கில் எழுத என்று
புதுப் பொருளாளர் முழித்தான், சின்னப் பையன்.
பழைய பாக்கி என்று எழுதச் சொன்னேன்.
ரசீதைக் கோப்பில் செருகிவிட்டு
வாசலில் செருப்பு மாட்டும்போது
கால் கொஞ்சம் தடுமாறியது.
மத்தியான வெயில்.

பதினான்கு மாதம் ஆனது.
கடைசித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
வக்கீல் கேட்டார்:
நீங்கள் உயில் எழுதியாச்சா?
யாரைப் போடுவதாக உத்தேசம்?

அலோர் ஸ்டாரில் பஸ் ஏறி
குரூண் தாண்டும்வரை
யார் யாரோடு சண்டை போட்டிருக்கிறேன் என்று
யோசித்துக்கொண்டே வந்தேன்.
இரண்டு பேர் தேறினார்கள்.
ஒருத்தர் என்னைவிட மூத்தவர், அவர் ஆகாது.
இன்னொருத்தி
போன புதன்கிழமை என்னைக் கண்டதும்
குனிந்து, வெகுநேரம்,
ரம்புத்தானை எண்ணிக்கொண்டிருந்தாள்.