வெறுங்கை

திரியெஸ்தேயில், மீன்சந்தைக்குப் பின்னால் ஒரு நிலவறை.
ஐந்து பேர், ஒரே சாவி, சிவப்பு விளக்கு.
வெளியே போரா காற்று.
விசிறியைப் போட்டால்
நாற்றத்தை உள்ளுக்கே திருப்பி ஊதுகிறது.

"அணைத்துவிடு" என்றான் லிவியோ.
"அப்படியென்றால் டோனரை மூடு" என்றாள் ஸோரா.
அங்கே பிடித்தது.

லிவியோ டெவலப்பரில் வெறுங்கையால் துழாவுபவன்.
இடுக்கி தாளைக் கீறுமாம்.
"பதினெட்டு வருஷம். செத்தா போனேன்?"
"சாகிறவனை மட்டும்தான் கணக்கில் எடுப்பாயா?"

ஸோராவுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை.
பயத்தையும் மில்லிலிட்டரில் அளப்பாள்.
சயனைடு என்ற எழுத்தைப் பார்த்து
நான் உச்சித் தட்டில் ஒளித்த
ஃபெரிசயனைடு புட்டியை
கீழே இறக்கி வைத்தாள்.
"அமிலம் கலக்காதே, சூடாக்காதே.
பேருக்கு நடுங்காதே.
நடுங்குவதானால் அதோ, மெட்டோல்.
பேரைப் பார், பூனைக்குட்டி மாதிரி."

லிவியோ சிரித்தான்.
சிரித்தபடியே புறங்கையைச் சொறிந்தான்.

யாரும் ஜெயிக்கவில்லை.
நான் ஃபிக்ஸர் தட்டை நகர்த்தினேன், அவ்வளவுதான்.

செவ்வாயன்று பாஸ்போர்ட் அலுவலகத்தில்
அவன் விரல் பதியவில்லையாம்.
கண்ணாடிமேல் ஐந்து முறை.
வெடித்த தோலில் எந்த ரேகை அவனுடையது
என்று எந்திரத்துக்குப் புரியவில்லை.
"கை கழுவிவிட்டு வாருங்கள்" என்றாளாம் அதிகாரி.

இதைக் கேட்டும்
ஸோரா ஒன்றும் சொல்லவில்லை.
டைமரைத் திருகினாள்.

இன்று லிவியோ கையுறை போட்டிருக்கிறான்.
ஒரு கைக்கு மட்டும்.
மற்றது காற்சட்டைப் பைக்குள்,
ஒத்திவைத்த வழக்கு போல.