நூற்றிருபது

இரவு படுக்கும்போது நூற்றிருபதில் விட்டேன்.
காலையில் முப்பத்தாறில் இருந்தது.

மறுநாளும் வைத்தேன். ‘சேமி’ என்பதை
இரண்டு முறை அழுத்தினேன்,
அடுப்பை அணைத்துவிட்டு
மறுபடி வந்து திருகைத் தொட்டுப் பார்ப்பவளைப் போல.
வியாழக்கிழமை நாற்பத்து நான்கு.
வெள்ளிக்கிழமை மறுபடி முப்பத்தாறு.

முப்பத்தாறில் இந்தத் தெருவே குடியிருக்கிறது.
கீழ்வீட்டு ஸ்வோன்கோவின் கால்பந்து,
எதிர்வீட்டுப் பல்மருத்துவரின் காமிராக்கள்,
யாருடையதோ ஒரு துணி துவைக்கும் இயந்திரம்.
அந்த நெரிசலில் என் கணக்குத் தாள்கள்
மேலேறாமல் பாதியில் தொங்கும்.
ஸ்லோவேனியாவின் இந்தச் சரிவில்
பதினோரு திராட்சைத் தோட்டங்களுக்கு
வரவு செலவு எழுதுகிறவள் நான்.
மாதக் கடைசி யாருக்காகவும் நிற்காது.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன்.
ரவுட்டரின் பின்பக்கத் துளையில் ஊசியை விட்டுப்
பத்து விநாடி எண்ணினேன்.
மென்பொருளைப் புதுப்பித்தேன்.
கடவுச்சொல்லை மாற்றினேன்: முதலில் பூனையின் பெயர்,
பிறகு செத்துப்போன பூனையின் பெயர்,
பிறகு எனக்கே நிற்காத ஒன்று,
அதைக் காகிதத்தில் எழுதி
மாவு டப்பாவுக்குள் ஒளித்தேன்.

அப்படியும் மாறியது.

அப்போதுதான் ராடோவான் ஞாபகம் வந்தது.
இந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டியவன்.
நான்கு துளை போட்டு மூன்று திருகு முடுக்கியவன்.
மரிபோருக்குப் போய் இரண்டு வருடமாகிறது.
சாவியைத் திருப்பித் தந்துவிட்டான்,
ஆனால் சாவி ஒன்றுதானா?
எனக்கு எது வசதியோ அதைக் கலைப்பது
அவனுக்குக் கைவந்த கலை.

நள்ளிரவு தாண்டி எழுதினேன்:
“வெளியே போன பிறகும்
என் வீட்டுக்குள் என்ன தேடுகிறாய்?”

உடனே பதில் வந்தது. தூங்கவில்லை போலும்.
“ஆலங்கட்டி வருதாம். காரை உள்ளே விடு.”

பேச்சை மாற்றுவதில் எப்போதுமே கெட்டிக்காரன்.
காரை விடவில்லை. வீம்புக்கு.

ஒன்றரை மணிக்கு ஓட்டின்மேல் யாரோ
கூடை கூடையாய் வால்நட் கொட்டினார்கள்.
விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
தூக்கம் போய், செய்ய வேறொன்றுமில்லாமல்
அதுவரை திறந்தே பார்க்காத பக்கத்தைத் திறந்தேன்.
நிகழ்வுப் பதிவு.

01:12 ரேடார் உணரப்பட்டது. சேனல் 120 கைவிடப்படுகிறது.
01:12 சேனல் 36.

கீழே போகப் போக அதே வரி.
செவ்வாய். அதற்கு முந்தைய சனி. மே மாதம் முழுக்க.

மலைமுகட்டில் வெள்ளைப் பந்து ஒன்று உண்டு.
ஞாயிறுகளில் ஏறிப்போகிறவர்கள்
அதன் நிழலில் ரொட்டிப் பொட்டலம் பிரிப்பார்கள்.
அது வானத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது,
எந்த மேகத்தில் கல், எதில் வெறும் தண்ணீர் என்று.
அதன் குரல் காதில் விழுந்தால்
என் பெட்டி வாயை மூடிக்கொண்டு
விலகிப் போய்விட வேண்டும்.
அரைமணி நேரம் திரும்பக் கூடாது.
திரும்பினாலும், பேசுமுன் பத்து நிமிடம்
சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.
சட்டமாம்.
மனிதர்களுக்கு யாரும் போடவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

விடிந்ததும் காரின் கூரையில் எண்ணினேன்:
பதினேழு குழிகள்.
எச்சரிக்கை கேட்டு மாலையே வலை விரித்த
ஏழு தோட்டங்கள் தப்பின.
மற்ற நாலின் இழப்பை
அடுத்த வாரம் நான்தான் எழுதுவேன்.

ராடோவானுக்கு மன்னிப்பு எழுதி அழித்தேன்.
மறுபடி எழுதி, மறுபடி அழித்து,
கடைசியில் கூரையின் படத்தை மட்டும் அனுப்பினேன்.
“சொன்னேனே” என்று வரும், தயாராக இருந்தேன்.
“ஹேர் டிரையர் பிடி, சிலது எழும்பும்” என்று வந்தது.
மூன்று எழும்பின.

இன்றும் நூற்றிருபதில்தான் வைக்கிறேன்.
முப்பத்தாறு என்று கண்டால்
முதலில் ஜன்னலுக்குப் போகிறேன்.
கார்ச்சாவி இப்போதெல்லாம்
அந்தப் பெட்டியின் மேலேதான் கிடக்கிறது.