ஒன்பது ஊசி

குன்னூர் மவுண்ட் ரோட்டில், கமருதீன் கடையில்
பதினோரு மடிக்கணினி.
எதன் திரையையும் நான் திறக்கவில்லை.
ஒவ்வொன்றாய்த் தூக்கி
முதுகைத் திருப்பிப் பார்க்கிறேன்.

மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பாங்க,
நீங்க வாலைப் பார்க்கறீங்களே என்கிறார்.

ஒன்பது ஊசி வேணும் பாய்.
மேலே அஞ்சு, கீழே நாலு.

வீட்டில் புதியது இருக்கிறது,
தவணை இன்னும் ஏழு மாதம்.
எண்ணூறு ரூபாய்க்கு ஒட்டுவால் வாங்கிச் செருகி
வாக்கிடாக்கியோடு பேசவிட்டுப் பார்த்தேன்.
செட்டு, ஓர் எழுத்தை வாங்கிக்கொண்டு
மூச்சு விடும் ரகம்.
அதுவோ பதில் வருவதற்குள்
அடுத்த நாற்பதைக் கொட்டிவிட்டு
கருவி இல்லை என்று சிவப்பில் சொன்னது.
மேஜைமேல்தான் இருந்தது கருவி.

அலைவரிசையை மாற்றச் சொல்லித்
தில்லிக் கடிதம் வந்து ஐந்து வாரம்.
மாதக் கடைசிக்குள் பதினான்கு செட்டு.
பர்லியாறில் பலா மணக்கத் தொடங்கிவிட்டது.

வெள்ளி நிறத்தில் ஒன்று, கனமே இல்லை, அழகு.
பின்னால் வழவழவென்று, ஓட்டையும் இல்லை.
அடுத்ததில் ஊசி உண்டு, ஆறாவது வளைந்திருக்கிறது.
இன்னொன்றில் எல்லாம் சரி, வேகம்தான் அதிகம்.
இந்தப் பழைய மென்பொருள்
கணினியின் நாடியை எண்ணித்தான் பேசும்,
நாடி ஓடினால் வாய் குழறும்.

அடியிலிருந்து ஒன்றை இழுத்தேன்.
அம்மிக்கல் கனம். ஒரு பக்கக் கீல் உடைந்து
சைக்கிள் டியூப்பால் கட்டியிருந்தது.
எழுந்திருக்க நாலு நிமிஷம்,
அதற்குள் பாய் டீ சொல்லிவிட்டார்.
எழுந்ததும் தேதி கேட்டது.
எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று என்று
தானே சொல்லிக்கொண்டது.

உள் பேட்டரி செத்துப்போச்சு, மாத்தித் தர்றேன்.
வேண்டாம் பாய், ஒன்பதும் நேரா நிக்குது.
ஆயிரத்து இருநூறு சொன்னவர்
எனக்கு இரங்கியோ, அதற்கு இரங்கியோ
தொள்ளாயிரத்துக்கு வந்தார்.

இரவு, தேயிலை எடைபோடும் கூடம்.
எழுதும்போது கரண்ட் போனால் செட்டு காலி.
தேவநேசன் ஜீப் பேட்டரியைக் கழற்றி வந்து
இன்வெர்ட்டரில் கொடுத்தார்.
சேனலுக்குப் பெயர் வைக்க ஆறே எழுத்து இடம்.
பர்லியாறு அடங்கவில்லை,
பலா என்று வைத்தேன்.

தராசு முள்ளைப் போலத்
தயங்கித் தயங்கி நகர்ந்தது கோடு.
ஒன்று, நான்கு, ஒன்பது, பன்னிரண்டு.
முதலில் முடிந்ததை வாங்கிக்கொண்டு
பெட்டன் எப்போதோ மேலே போய்விட்டார்.

பதிமூன்றாவது பாதியில் இருக்கும்போது
மேஜைமேல் ஒரு செட்டு கரகரத்தது.
பலாவுல இருக்கேன். மூணு உருப்படி,
கூட ஒரு குட்டி. ரோட்டைப் பார்த்து வருதுங்க. ஓவர்.

கேக்குது பெட்டண்ணே என்றேன்,
ஓவர் சொல்ல மறந்து.

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்த தேவநேசன்
கதவு வரைக்கும் போய்
பேட்டரி இங்கே இருப்பது நினைவுக்கு வந்து
திரும்பி வந்தார்.

அறுபத்திரண்டு சதவீதம்.
ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.
இரண்டு பேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.