நூற்றி எழுபது

சென்னியப்பன் சார் சத்தியமங்கலம் காட்டில்
பதினோரு மாதம் படுத்துக் கிடந்தாராம்.
இலை அசைந்தால் யானையா ஆளா என்று
வாசத்திலேயே தெரிந்துவிடுமாம்.
காங்கேயம் ஸ்கூல் கிரவுண்டில் விடிகாலை அஞ்சேகாலுக்கு,
கொப்பரைக் களத்து வாடை சுவரேறி வரும் நேரம்,
இதைச் சொல்லிவிட்டுத்தான் விசில் ஊதுவார்.
நானூறு மீட்டர்.
நாங்கள் ஓடுவோம்.

முதல் மாதம் நம்பினேன்.
இருட்டில் ஓடும் கால்களுக்கு
முன்னால் யாராவது ஓடியிருக்க வேண்டும்.

சுதந்திர தினத்தன்று கொடிக்கு
வெறுந்தலையோடு ஒரு சல்யூட் அடித்தார்,
விறைப்பாக, அழகாக.
என் அப்பா வெள்ளகோவில் ஸ்டேஷனில் ஏட்டு.
தொப்பி இல்லாத தலைக்கு சல்யூட் கிடையாது,
அட்டென்ஷன்தான்.
ஆனா ஆவன்னாவுக்கு முன்பே எனக்கு அது தெரியும்.

அதற்கப்புறம் காது மாறிவிட்டது.
கதையை விட்டுவிட்டுக் கதைக்குள் ஓட்டை தேடினேன்.
காட்டில் செத்துப்போன மோப்ப நாய்க்கு
ஆடியில் ஜூலி என்று பேர்,
ஐப்பசியில் ராணி.
இரண்டு தடவையும் சாருக்குக் கண் கலங்கியது.
கலங்கியதில் பொய்யில்லை,
பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"சார், உங்க பிசி நம்பர் என்னங்க?"
"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது அம்மிணி."
பையன்கள் தலையாட்டினார்கள்.
நான் ஷூ லேஸைக் கட்டினேன், கட்டியிருந்ததையே.
அப்பாவுக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் முடிந்து
மயக்கம் தெளியும்போது
அம்மா பேரைச் சொல்லவில்லை, என் பேரையும்.
"ஆயிரத்து நூத்தி நாப்பத்தி மூணுங்கய்யா"
என்று நர்ஸுக்கு ஆஜர் சொன்னார்.
முப்பத்தோரு வருச சர்வீஸில்
அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த கதை ஒன்றே ஒன்று:
கால் வலிக்குது.

மௌனிகாவிடம் சொன்னேன்.
"உனக்கெதுக்குப் புள்ள அது?
டைமிங் குறையுதா இல்லியா?"
குறைந்திருந்தது. நான்கு விநாடி.

மழை பிசுபிசுத்த ஒரு திங்கள்
சீக்கிரம் போய்விட்டேன்.
சைக்கிள் ஷெட் சுவரில் இரண்டு சுண்ணாம்புக் கோடு உண்டு,
பையன்களுக்கு நூற்றி எழுபது,
எங்களுக்கு நூற்றி ஐம்பத்தொன்பது.
சார் வெறுங்காலோடு குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்றிருந்தார்,
உச்சந்தலைமேல் மர ஸ்கேல்.
ஸ்கேலை அழுத்திப் பிடித்தபடி
தலையை மட்டும் உருவிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.
கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே.
நோட்டீஸ் போர்டில் தன் நம்பரைத் தேடுகிறவன் மாதிரி
மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம்.
நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நகர்ந்தேன்.
பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு குதித்தது,
அடுத்த மூச்சில் கூசியது.

அன்றைக்கும் காட்டுக் கதைதான்.
இலை அசைந்தது.

வயதானால் முதுகுத்தண்டு அமுங்குமாம், ஆள் குறைவாராம்.
அப்பாவையே நிறுத்தி அளந்தேன்:
சேரும்போது இருந்ததற்கு அரை அங்குலம் கம்மி.
ஆக அந்த ஒரு விரல்கடை எதையும் நிரூபிக்காது.
இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

நான் நூற்றி ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு.
உடல்தகுதிக்கு இரண்டு நாள் முன்பு
சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.
"முந்தின ராத்திரி உக்காரவே உக்காராத, படுத்தே கெட.
பஸ்ஸுலயும் கடைசி சீட்டுல படுத்துட்டே போ.
எண்ணெய் வெச்சுத் தலைய அமுக்கி வாராத.
அளக்கறவன் கட்டைய எறக்கறப்ப
மூச்ச இழுத்து, தாடைய உள்ள வாங்கு.
பொறத்தால மண்டை மேல ஏறும்.
மத்தியானத்துக்கு மேல அளந்தா எல்லாரும் குட்டை,
காலைல மொத ஆளா போய் நின்னுக்கோணும்."
எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.
குரலில் காடு இல்லை, நாய் இல்லை.

சொன்னபடி படுத்துக்கொண்டே போனேன்.
கட்டை இறங்கியது.
நூற்றி ஐம்பத்தொன்பது, எழுதினார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவைக் கேட்டேன்,
நீங்க சேர்றப்ப உயரத்துக்கு என்னப்பா செஞ்சீங்க?
புரியாமல் பார்த்தார்.
"என்ன செய்யறது?
நின்னேன், அளந்தாங்க" என்று
மோரை இலையில் விட்டுக்கொண்டார்.