அலமாரிக்குள் இருப்பவர்

அரசலாற்றில் தண்ணீர் வந்த அதே வாரம்
காரைக்காலுக்குப் படமும் வந்தது,
புதுச்சேரியிலிருந்து, ஏழு தகர டப்பாக்களில்.
எல்லைச் சாவடியில் ஒன்றைத் திறந்து பார்த்து
சாராயம் இல்லையென்று
வருத்தத்தோடு மூடினார்களாம்.

காசிம் மரைக்காயரின் நெல் கிடங்கு.
மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளி
நான்கு வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரை.
நடுவே தையல் ஓடியதில்
பாரீஸில் இருந்த அத்தனை பேருக்கும்
மூக்கின்மேல் ஒரு கோடு.

சிரிப்புப் படம் என்று தண்டோரா போட்டாயிற்று.
எங்கே சிரிப்பது என்று சொல்ல ஆள் வேண்டுமே.
நொத்தேர் ஆபீஸ் குமாஸ்தா தனிஸ்லாஸ்,
என் வீட்டுக்காரர்,
பதினொரு வருஷம் பிரெஞ்சில் பத்திரம் எழுதியவர்,
கையில் தகரக் குழலோடு ஸ்டூலில் ஏறினார்.

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு
நிலத்தைப் பற்றியது மட்டும்.
மீசைக்காரன் யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்து
என்னவோ முணுமுணுக்க, இவர் குழலில் சொன்னார்:
"மேற்படி பெண்ணை யாதொரு வில்லங்கமுமின்றி
சர்வ சுதந்திர பாத்தியமாய்
அனுபவித்துக்கொள்ள விரும்புகிறான்."
கிடங்கு அதிர்ந்தது.
மூட்டையிலிருந்த எலிகள்
பெண்கள் பக்கம் ஓடி வந்தன.

பிறகு கதவுகள். ஐந்து கதவு உள்ள வீடு.
ஒன்றில் ஒருவன் போனால் இன்னொன்றில் ஒருத்தி வருவாள்.
கதவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
மீசைக்காரன் அலமாரிக்குள் ஒளிந்தான்.
அவன் பெண்டாட்டி வந்தாள், தொப்பியில் இறகு.
அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு
ஆப்பிள் ஒன்றைச் சீவத் தொடங்கினாள்.
அவளுக்குத் தெரியும்.
தோல் அறாமல் இறங்க இறங்க
அலமாரியோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

அவள் சொன்னதில் நிலம் இல்லை, எல்லை இல்லை.
இவர் சோடா குடித்தார். இருமினார். பிறகு:
"ஊரார் வீட்டு நாலெல்லையும் எழுதுறீங்க.
நம்ம கிணத்துச் சுவர் இடிஞ்சு ஆடு விழுந்துச்சே,
அதை எந்தப் பத்திரத்துல எழுதுவீங்க?"

முந்தின ராத்திரி நான் சொன்னது.
எழுத்துப் பிசகாமல்.
பாரீஸில் ஆடு.

பக்கத்திலிருந்த மீன்காரி என் தொடையில் தட்டி,
"யாரு பெத்த பொண்ணோ, நறுக்குனு கேக்குறா" என்றாள்.
நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?
கோபம் வீட்டுக்குப் போய்
விளக்கை அணைத்த பிறகுதான் வந்தது.

மறுநாள் நிரவியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.
அவள் ஆப்பிளை எடுத்ததும்
மூட்டைமேல் ஏறி நின்றேன்.
அவர் குழலைத் தூக்குமுன் சொன்னேன்:
"ஊருக்கெல்லாம் குழல் வச்சுப் பேசுறீங்க.
எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னா
ஸ்டாம்புக் காகிதம் வாங்கிட்டு வரணுமா?"

யாரும் சிரிக்கவில்லை.
அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.
அலமாரி பேசவில்லை. தகரக் குழலும் பேசவில்லை.
மீதியை நானே சொன்னேன்,
அவளுடைய வாய் மூடும்வரை.

முதல் நாளைப் போலவே
அலமாரிக் கதவு திறக்கப் போகிற இடத்தில்
குதிரைகள் ஓடின.
ஏழாவது டப்பாவில் இருந்தது
வேறு ஏதோ படத்தின் நடுப்பகுதி.
வெளியே வந்தானா, அடித்தாளா, சேர்ந்தார்களா?
மீன் கடையில் இதற்கு இரண்டு கட்சி,
ஒரு கைகலப்பு.

கலையும்போது சுங்க அதிகாரியின் மனைவி மதாம் புய்சோன்,
அங்கே பிரெஞ்சு முழுசாகத் தெரிந்த ஒரே ஆள்,
என் கையைப் பிடித்துக்கொண்டு
சிரித்துச் சிவந்த கண்ணோடு நீளமாக எதையோ சொன்னாள்.
பக்கத்தில் இவர், தரையைப் பார்த்தபடி:
"அசல்லயும் அதேதானாம், மதலேனா.
ஆடு மட்டும் இல்லையாம்."

வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்தான்.
சுவர் கொஞ்சம் சாய்வுதான், ஆனாலும் நிற்கிறது.
மதாம் என்ன சொன்னாள் என்பதற்கு மட்டும்
எனக்கு இவரைத் தவிர சாட்சி இல்லை.